இயங்கும் படைத்தளத்தில் ஆயத்த விடுதிகள்

நேயர்களுக்கு வணக்கம். படைவீரர் விடுதிகளைத் தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, தளத்தில் அடுக்கிப் பொருத்தும் முறையைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தையே முதலில் புகழ்கிறார்கள். வேகம் உண்மைதான். ஆனால், பணிகள் ஒருநாளும் ஓயாத ஒரு படைத்தளத்தில் இம்முறையின் பெரிய பயன், கட்டுமானத்தின் பெரும்பகுதி வேலிக்கு வெளியிலேயே முடிந்துவிடுவதுதான் என்பது என் கருத்து.

ஆயத்தக் கட்டடம் படைகளுக்குப் புதிதன்று. முதல் உலகப் போரின்போது, 1916-இல், பிரித்தானியப் படைப் பொறியாளர் பீட்டர் நிசன் வடிவமைத்த அரைவட்டத் தகரக் கொட்டகையை ஒரு சிறு குழுவே சில மணி நேரத்தில் நிறுத்திவிட முடிந்தது. 1941-இல் அமெரிக்கக் கடற்படை அதே வழியில் குவான்செட் கொட்டகையை உருவாக்கியது. அவை போர்க்கால அவசரத்துக்கு எழுந்தவை. இன்றைய விடுதியோ பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது.

வழக்கமான முறையில் கட்டினால், கொத்தனார் முதல் வண்ணம் பூசுபவர் வரை ஒவ்வொருவருக்கும் பின்னணி விசாரணையும் அனுமதிச் சீட்டும் வேண்டும். மணலும் கம்பியும் கொண்டுவரும் ஒவ்வொரு வண்டியையும் வாயிலில் சோதிக்க வேண்டும். கலவை லாரி சோதனைக்காக நெடுநேரம் நின்றால் உள்ளிருக்கும் கான்கிரீட் இறுகத் தொடங்கும். அதற்காகக் காவலர் சோதனையைத் தளர்த்த முடியாது, தளர்த்தவும் கூடாது. குழாய், மின்கம்பி, ஓடு பதித்த குளியலறை, சன்னல் எல்லாம் பொருத்தப்பட்டு முழு அறையாகவே வந்து இறங்கும்போது, இந்த நெருக்கடி வெகுவாகக் குறைகிறது. ஆனால் அதனுடன் புதிய கேள்வி ஒன்றும் எழுகிறது: மூடிய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று வாயிற்காவலர் எப்படி அறிவார்? சுவர்களை மூடுவதற்கு முன்பே தொழிற்சாலையில் சோதித்து, எண்ணிட்ட முத்திரை வைத்து அனுப்பி, வாயிலில் அந்த எண்ணைச் சரிபார்ப்பதே பொருத்தமான ஏற்பாடு.

வெளியே கொண்டுபோக முடியாத வேலை மண்வேலை. பழைய தளங்களில் கையிலுள்ள வரைபடமும் நிலத்தடி உண்மையும் பொருந்துவது அரிது. கைவிடப்பட்ட எரிபொருள் குழாய், எவருக்கும் நினைவில்லாத தொலைபேசிக் கம்பி, சில இடங்களில் வெடிக்காத குண்டுகூட அங்கே இருக்கலாம். ஆகவே கருவிகளால் நிலத்தை ஆராய்ந்து, ஐயமுள்ள இடங்களில் கையால் சோதனைக் குழி தோண்டிய பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். இதில் நாள் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களை நான் நம்புவதில்லை.

அடித்தளத்தில் பதித்த போல்ட்டுகள் ஒரு விரற்கடை விலகினாலும் அறை உட்காராது. கிரேனில் தொங்கும் அறையைக் கயிறு பிடித்தவர்கள் இழுத்துத் திருப்ப, கிரேன் சுமையோடு காத்திருக்க, காற்று வலுத்தால் அன்றைய வேலையே நின்றுவிடும். அருகில் ஓடுபாதை இருந்தால் கிரேன் கையின் உயரத்துக்கே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் இசைவு வேண்டும். விமானம் இறங்கும் வேளையில் கையைத் தாழ்த்திவிட வேண்டும். பலரும் மறப்பது, அறைகளை மழைக்குக் காக்கச் சுற்றிவரும் பிளாஸ்டிக் உறையை. கிழிந்த ஒரு துண்டு பறந்துபோய் ஜெட் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால் விளையும் சேதம் சொல்லி மாளாது. உறையைப் பிரிக்கப் பிரிக்கச் சுருட்டி மூடிய தொட்டியில் போடுவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துவது வீண் செலவு அன்று.

ஒவ்வோர் அறையும் தனக்கென்று சுவரும் தரையும் கொண்டு வருவதால், அடுத்தடுத்த அறைகளுக்கு நடுவே இரட்டைச் சுவர் தானாகவே அமைகிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவருக்கு அது நல்லது. ஆனால் அந்தச் சுவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் வழியே தீயும் புகையும் ஓசையின்றிப் பரவக்கூடும். அங்கே தீத்தடுப்பு வைத்ததை நேரில் பார்த்துப் படமெடுத்துப் பதிவு செய்த பின்னரே இணைப்பை மூட வேண்டும். தளத்துக்குள் கேமராவுக்குத் தடை இருக்குமாதலால், அந்தப் பதிவுக்கான அனுமதியையும் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது முடிவெடுப்பதுதான். தொழிற்சாலை வேலையைத் தொடங்கிய பின் ஒரு சுவிட்சை இடம் மாற்றுவதும் பெரும் வேலை. படை அதிகாரிகளோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுபவர்கள். புதிதாக வருபவர் வேறு அமைப்பு வேண்டும் என்று கேட்டால், செய்து முடித்த அறைகள் வெறுமனே கிடக்க நேரிடும். எனவே தங்கப்போகும் வீரர்கள், பராமரிப்புப் பிரிவு, தீயணைப்பு அலுவலர், பாதுகாப்பு அலுவலர் ஆகிய அனைவரும் ஒரு மாதிரி அறையை நேரில் பார்த்து, குறைகளைச் சொல்லி, அவை திருத்தப்பட்டபின் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் வரும்வரை இரண்டாவது அறையின் வேலையைத் தொடங்காதிருப்பதே ஒப்பந்தக்காரருக்கும் தளத்துக்கும் நல்லது. நன்றி, வணக்கம்.