தாத்தா பெயரையும் விசாரியுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, அஸ்ஸலாமு அலைக்கும்.

குர்ஆன் விரிவுரையாளரும் வரலாற்றாசிரியருமான இமாம் முஹம்மத் இப்னு ஜரீர் தபரீ ஷீஆதான், அதாவது நபிக்குப் பின் தலைமை அலீக்கே உரியது என்னும் பிரிவினர்தான் என்று எதிரணித் தலைவர் மூன்று காரணம் அடுக்கினார். அலீ (ரலி) அவர்களின் சிறப்பைச் சொல்லும் நபிமொழியான கதீர் கும் ஹதீஸுக்குத் தனி நூல் எழுதினார். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் காலைக் கழுவ வேண்டாம், தடவினால் போதும் என்றார். 923-இல் பக்தாதில் இறந்தபோது இரவோடு இரவாக வீட்டிலேயே அடக்கினார்கள்.

கடைசியிலிருந்தே வருகிறேன். பக்தாத் வரலாறு எழுதிய கதீப் அல்பக்தாதீ சொல்வது வேறு: கணக்கில்லாத கூட்டம் திரண்டது, பல மாதம் அவர் அடக்கப்பட்ட கப்ரில் தொழுகை நடந்தது. சரி, அவர் உயிரோடு இருந்தபோது வீட்டு வாசலில் கல் எறிந்தது யார்? இமாம் அஹ்மதின் வழியைப் பின்பற்றிய ஹன்பலிகள். ஏன்? ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த நூலில் இமாம் அஹ்மதைச் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, "அவர் ஹதீஸ் அறிஞர், ஃபகீஹ், அதாவது சட்ட அறிஞர், அல்ல" என்றார். அன்றைய பக்தாதில் இதைச் சொல்லிவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடியுமா? கோபம் இதற்கு, குத்திய முத்திரை ஷீஆ!

கதீர் நூல்? எழுதினார், மறுக்கவில்லை. அந்த ஹதீஸே பொய் என்று பக்தாதில் ஒருவர் பேசியதால் அறிவிப்பாளர் வரிசைகளைத் திரட்டிக் காட்டினார். அதே ஹதீஸ் இமாம் அஹ்மதின் முஸ்னத் என்ற ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறதே, அவரும் ஷீஆவா?

இப்போது கால். குர்ஆனின் மாயிதா அத்தியாயம், 6-ஆம் வசனம். 'அர்ஜுலகும்' என்று ஓதினால் கழுவுதல், 'அர்ஜுலிகும்' என்று ஓதினால் தடவுதல். லாம் என்ற அரபு எழுத்துக்கு மேலே ஒரு கோடு, இல்லையென்றால் கீழே ஒரு கோடு, சண்டை அவ்வளவுதான். தபரீ இரண்டு ஓதலையும் ஏற்றார். தண்ணீர் கால் முழுக்கப் படவேண்டும், கையாலும் தேய்க்க வேண்டும் என்றார். பள்ளிவாசல் ஹவுள் என்னும் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து குதிகாலை அழுத்தித் தேய்க்கிற பெரியவரைப் பாருங்கள், அதுதான் தபரீ! ஷீஆக்கள் தடவுவது பாதத்தின் மேற்புறத்தை மட்டும். இவரோ, "குதிகால்களுக்கு நரகத்தின் கேடுதான்" என்ற ஹதீஸை ஆதாரம் காட்டியவர்.

இன்னொரு வேடிக்கை. நம் தபரீ பிறந்த அதே தபரிஸ்தானில் இன்னொரு முஹம்மத் இப்னு ஜரீர் தபரீ இருந்தார். அவர் அசல் ஷீஆ; இமாமத் எனும் தலைமைக் கொள்கை பற்றி நூலே எழுதியவர். நம்மவர் தாத்தா யஸீத், அவர் தாத்தா ருஸ்தம். எதிரணி அப்பா பெயரோடு நிறுத்திக்கொண்டது!

கடைசியாக ஒன்று. அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த யாகூத் எழுதுகிறார்: தபரீ சொந்த மண்ணுக்குத் திரும்பினார். அங்கே நபித்தோழர்களான ஸஹாபாக்களை ஏசுவது பரவியிருந்தது. உட்கார்ந்து, ஷீஆக்கள் ஏற்காத முதல் இரு கலீஃபாக்களான அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரின் சிறப்புகளைச் சொல்லி எழுதவைத்தார். ஆட்சியாளர் ஆளனுப்பித் தேடும் நிலை வந்து, பிறந்த ஊரைவிட்டே கிளம்பினார்.

மணி அடித்துவிட்டார்கள். அந்தப் பயணத்துக்கு எதிரணி என்ன காரணம் வைத்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.