புழுதிப் பிள்ளையும் பார்க்க வருகிறவர்களும்

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பிள்ளை அழுதால் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். அழட்டும், நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.

குளிக்க வராத பிள்ளையைப் பற்றி முதலில் பேசலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், தாமே யசோதையாகிக் கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுகிற பாட்டுகள் பாடியிருக்கிறார். 'எண்ணெய் புளிப்பழம் கொண்டிங்கு எத்தனை போதும் இருந்தேன்' என்கிறாள் அந்த அம்மா. தேய்க்க எண்ணெயும் அதைப் போக்கப் புளியும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? பிள்ளை வருகிற வழியாக இல்லை. இன்று திருவோணம், உன் பிறந்தநாள் என்று சொல்லிப் பார்க்கிறாள். அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன் என்று ஆசை காட்டுகிறாள். கன்றுக்குட்டியின் காதில் கட்டெறும்பைப் பிடித்துப் போடுகிறாயே, கன்றெல்லாம் ஓடிப் போய்விட்டால் வெண்ணெய் எப்படி விழுங்குவாய் என்று மிரட்டியும் பார்க்கிறாள். காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே!

ஆண்டாளைத் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார் என்பார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு அவரும் காத்திருந்திருப்பார், அதனால்தான் இப்படிப் பாட வந்தது என்று நான் நம்புகிறேன். பின்னால் சுவரோரம் நிற்கிற அப்பாமார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாட்டுகளில் ஒன்றுக்காகத்தான் இந்தப் பேச்சையே எடுத்தேன். மாட்டுத் தொழுவத்தில் புகுந்து, உடம்பெல்லாம் புழுதியோடு நிற்கிறான் பிள்ளை. அம்மா சொல்கிறாள்: 'காணப் பெரிதும் உகப்பன் ஆகிலும் கண்டார் பழிப்பர்.' உன்னை இப்படிப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறவர்கள் குறை சொல்வார்களே!

தாயாக இருப்பதன் சந்தோஷமும் சங்கடமும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. என் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும். துவரம்பருப்பு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பருப்பாக எடுத்து அவன் அப்பாவின் ஷூவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். நாக்கு நுனி கடைவாயோரம் நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு கவனம். ஒரு பருப்பு விரலை விட்டு நழுவினால் விடாமல் தேடி எடுத்துப் போட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். அத்தனை அழகு. அப்போது பார்த்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் உள்ளே வந்தார். "பிள்ளையை இப்படியா விடுவ? வீட்ல ஆள் இருக்கா இல்லையா?" என்றார். அவ்வளவுதான், பருப்பைக் கூட்டி அள்ளும் வேலை மட்டும் மிஞ்சியது.

இப்படிக் குறை சொல்லும் பேச்சு மனதோடு நிற்பதில்லை, பால் வரைக்கும் போகிறது. பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. புரோலாக்டின் பாலை ஊற வைக்கும், ஆக்சிடோசின் ஊறிய பாலை வெளியே தள்ளும். பிள்ளையின் அழுகையைக் கேட்டாலே, ஏன், நினைத்தாலேகூட ஆக்சிடோசின் சுரக்கும். பஸ்ஸில் யார் வீட்டுப் பிள்ளையோ அழ, நம் ரவிக்கை நனைவது அதனால்தான். ஆபீசில் எல்லோரும் கணக்கு பேசிக்கொண்டிருக்கும்போது, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடியவர்கள் இங்கே எத்தனை பேர்? பாருங்கள், எத்தனை கை தூக்குகிறது! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ஆனால் தாய்க்குப் பதற்றமோ வருத்தமோ இருந்தால் அதே ஆக்சிடோசின் தடைபடும். பிள்ளை பார்க்க வந்தவர் "பால் பத்தலபோல, அதான் அழுவுது" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சொல்லே கொஞ்ச நேரம் பால் இறங்குவதைத் தடுத்துவிடலாம். அப்புறம் சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று ஆரம்பித்துவிடும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடலாம். முதல் வாரம் கடந்த பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

2015-இல் நம் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. 2017-இல் மகப்பேறு விடுப்புச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். நல்ல காரியங்கள். களை எடுக்கவும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு அந்த 26 வாரம் இன்னும் எட்டவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, எதிர்பாராமல் வரும் சந்தோஷம் ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் தலைவலி என்று படுத்திருந்தேன். நாலு வயது மகள் வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தாள், கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். "காச்சல் இல்ல. ஸ்கூலுக்குப் போலாம்" என்றாள், அப்படியே என் குரலில். முனகினேன். ஓடிப் போய் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து நெற்றியில் போட்டு, மடிப்பை நீவிவிட்டாள். தரை துடைக்கிற துணி. அவள் தூங்கப் போகும் வரை அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து "என்ன கண்றாவி இது?" என்று கேட்டிருந்தால், அவரை அப்படியே வாசலோடு அனுப்பியிருப்பேன்.

அடுத்து பிரசவ வீட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளையின் நிறத்தையும் தாயின் பாலையும் பேசாமல் திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். காய்ந்த தூளித் துணியை மடித்துக் கொடுங்கள். பாத்திரம் கிடந்தால் கழுவிவிடுங்கள். பெரியம்மா, சித்தி, அத்தை, எல்லோருக்கும்தான் சொல்கிறேன். அப்பாமார் நாளைக் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கலாம்.

இப்போது சுண்டல் தருவார்கள். பிள்ளைகள் கீழே கொட்டினால் இங்கே யாரும் அதட்டக்கூடாது, துடைப்பத்தை நானே எடுத்து வைத்திருக்கிறேன். வணக்கம்.