பக்கத்தைத் திருப்பும் விரல்

(பட்டிமன்றத் தலைப்பு: மர்மக் கதையின் திகிலை முழுமையாகத் தருவது எழுத்தா, திரையா? ‘எழுத்தே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கை அழைத்து வந்தார். ‘அந்த நாள்’ படத்தை எடுத்துக் காட்டினார். அமரும்போது என்னைப் பார்த்து, “இருட்டான அரங்கில் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த அனுபவத்தை உங்கள் புத்தகம் தருமா, அக்கா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன், தம்பி. முதலில் நீங்கள் அழைத்து வந்த ஹிட்ச்காக்கிடமே பேசிவிடுகிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான உரையாடலில் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது. அது பார்ப்பவருக்குத் தெரியாது. திடீரென்று வெடித்தால் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, மேசையைச் சுற்றி இருப்பவர்களோ அது தெரியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கிடைப்பது 15 நிமிடத் தவிப்பு. திரைக்கலையின் மேதை போட்ட கணக்கு இது. நான் மறுக்கவில்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்கிறேன். ‘தொடரும்’ என்று அச்சிட்ட எங்கள் வார இதழ் தந்தது 7 நாள்!

அந்த ஏழு நாளை அனுபவித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். கதவு திறக்கிறது, அவள் உள்ளே எட்டிப் பார்க்கிறாள், வீல் என்று அலறுகிறாள், தொடரும். அவள் என்ன பார்த்தாள்? அடுத்த வாரம்தான் தெரியும். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் கழிவறை கொல்லையில் இருந்தது. பின்கட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டிப் போகவேண்டும். கதை நடந்தது ஊட்டியில் ஏதோ ஒரு பங்களாவில். நான் பயந்ததோ எங்கள் வீட்டுக் கிணற்றடியில். அந்த வாரம் முழுவதும் பகலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டேன்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பங்களாவைத் திரையில் பார்த்திருந்தால் அது ஊட்டியிலேயே இருந்திருக்கும். அதன் படிக்கட்டு எப்படி வளையும், ஜன்னலில் என்ன நிறத்துத் திரைச்சீலை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கொல்லைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தைரியமாக நடந்திருப்பேன். எழுத்தில் ‘இருட்டு’ என்று நான்கே எழுத்துகள் இருந்தன. எந்த இருட்டு? எனக்குத் தெரிந்த ஒரே இருட்டு எங்கள் கிணற்றடி இருட்டு. அதை எடுத்து அங்கே வைத்தேன். கொலைகாரன் வந்து நின்றுவிட்டான்.

தம்பி ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியைச் சொன்னார். 1960-ல் வந்த படம், இன்றும் பார்ப்பவரை உலுக்குகிறது என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், தந்திக் கருவிகளை மட்டும் வைத்துக் கீச்சிடும் அந்த இசையைத் தாமாகவே எழுதிக் கொண்டுவந்தார். கேட்டபிறகு இயக்குநர் மனத்தை மாற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். உங்களைப் பதறவைத்ததில் எவ்வளவு கண் வழியாக வந்தது, எவ்வளவு காது வழியாக வந்தது என்பது புரியும். இசையும் படத்தின் பகுதிதானே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த இசை எனக்குத் தருவது திடுக்கிடல். பின்னால் வந்து யாராவது பானையைப் போட்டு உடைத்தாலும் திடுக்கிடுவேன். அச்சம் வேறு.

அச்சம் எதனால் வரும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பட்டியல் தருகிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” விலங்கைக் காட்டலாம். கள்வரைக் காட்டலாம். அரசனைக் காட்டலாம். முதலில் நிற்கிறதே அணங்கு, அதை எந்தக் கேமரா காட்டும்? கண்ணுக்குப் புலப்படாமல் வருத்துகின்ற ஒன்று அது. அதற்கு வெள்ளைப் புடவை கட்டி, தலைவிரி கோலமாக்கி, கண்ணுக்கு மை தீட்டி நிறுத்திய அந்த நொடியிலேயே அது அணங்காக இருப்பதை விட்டுவிடுகிறது. முன்வரிசைக் குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறது. எழுத்து அதைக் காட்டுவதில்லை. “அறையில் யாரோ இருப்பதுபோல் இருந்தது” என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மிச்சத்தைச் செய்வது படிக்கிறவரின் நெஞ்சு.

இனி ‘அந்த நாள்’. தம்பி, அந்தப் படத்தின் மீது உங்களுக்கு இருக்கும் காதலில் எனக்கும் பங்கு உண்டு. 1954-ல், பாட்டு இல்லாமல், நடனம் இல்லாமல், சண்டைக் காட்சி இல்லாமல் ஒரு தமிழ்ப் படத்தை எடுக்க வீணை எஸ். பாலசந்தருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! 1943-ல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களின் பின்னணி. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். கதாநாயகனையே முதலில் கொன்றுவிட்டு, யார் சுட்டிருக்கலாம் என்று ஒவ்வொருவர் வாயிலாகவும் கதையை விரிக்கிறார் இயக்குநர். இன்றைக்குப் பார்த்தாலும் மனம் பதறுகிறது.

எதனால் பதறுகிறது? சுட்டது யார் என்பதை அவர் காட்டாமல் வைத்திருக்கிறார். திரையின் வழக்கமான பகட்டுகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் சொல்லச் சொல்ல நம்மை ஊகிக்க விடுகிறார். ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்த அத்தியாயம் தொடங்குவது போலத்தான் அந்தப் படம் நகர்கிறது. காட்டுவதற்காகவே பிறந்த கலை, மர்மம் சொல்ல வரும்போது மட்டும் மறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்துக்கு அது பிறவிக் குணம். உங்கள் சிறந்த சாட்சி எனக்காகத்தான் பேசுகிறார், தம்பி.

முகத்துக்கு வருகிறேன். சுஜாதாவின் வக்கீல் கணேஷைப் படித்த ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு கணேஷை வைத்திருந்தோம். தொடர்களுக்கு ஓவியர் ஜெயராஜ் வரைந்தார் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கோடுகளுக்கு உயிர்கொடுக்கும் வேலை நமக்கு மிச்சம் இருந்தது. 1977-ல் ‘காயத்ரி’ படத்தில் ஜெய்சங்கர் கணேஷாக வந்தார். அடுத்த ஆண்டே ‘ப்ரியா’வில் ரஜினிகாந்த் கணேஷாக வந்தார். இரண்டு பேரும் எனக்குப் பிடித்த நடிகர்கள். இரண்டு பேரும் என் கணேஷ் இல்லை.

துப்பறிபவரின் முகம் போகட்டும். குற்றவாளிக்கும் முகம் தேவைப்படுகிறதே! பெயர்பெற்ற நடிகர் ஒருவர், வீட்டு நிர்வாகியாக இரண்டே காட்சியில் வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போகிறார் என்றால் அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது: இவ்வளவு பெரிய நடிகரைக் காப்பி கொடுக்கவா அழைத்திருப்பார்கள்? இடைவேளைக்கு முன்பே மர்மம் உடைந்துவிடுகிறது. புத்தகத்தில் தோட்டக்காரரும் ஜமீன்தாரும் ஒரே மையில் அச்சானவர்கள். யாருக்கும் சம்பள வித்தியாசம் இல்லை. எல்லோர் மீதும் சமமாகச் சந்தேகப்படலாம்.

ராஜேஷ்குமாரின் நாவல்களைப் பஸ் நிலையக் கடையில் வாங்கிப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஓர் அத்தியாயம் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் எங்கே சேரும் என்று வண்டி ஊர் போய்ச் சேருவதற்குள் நாமே முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்போம். வலது கையில் மிச்சமிருக்கும் பக்கங்களின் கனம் குறைந்துகொண்டே வரும். இருபது பக்கம்தான் இருக்கிறது, மூன்று பேர் இன்னும் மாட்டவில்லை! கட்டைவிரலே பதறும்.

நடுவர் அவர்களே, இப்போது என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு பத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1926-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு துப்பறியும் நாவல். பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த அவையில் அதைப் படிக்காத ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு நான் செய்யும் துரோகம் அது. கல்லூரி விடுதியில் ஒரே இரவில் படித்து முடித்தேன். முடிவைப் படித்ததும் நம்பவில்லை. ஆசிரியை என்னை ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வந்தது. அந்த நாவல் வந்த காலத்திலேயே இதே கோபத்தோடு சண்டை போட்டவர்கள் உண்டு. முன்பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மணி ஒன்று சொல்லப்படுகிறது. அடுத்து இன்னொரு மணி சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் காணாமல் போயிருந்தது. முதல்முறை படித்தபோது என் கண் அதன் மீதுதான் ஓடியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கொலையைப் பற்றிப் படித்தபோது வராத நடுக்கம், கொலையே இல்லாத அந்தப் பத்தியை இரண்டாம் முறை படித்தபோது வந்தது. விடியும் வரை தூங்கவில்லை.

திரையில் அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செய்வார்கள்? கேமரா அறைக்குள் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். வெளியே இருந்தால், ஏன் வெளியே நிற்கிறது என்று பார்ப்பவர் கேட்டுவிடுவார். சரி, எப்படியோ மறைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் என்ன செய்கிறார்கள்? பழைய காட்சிகளையெல்லாம் வரிசையாக மறுபடி ஓட்டி, இதோ இந்தக் கைக்குட்டை, இதோ இந்தப் பார்வை என்று விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். நானே திரும்பிப் போய், நானே தேடி, நானே கண்டுபிடித்து, நானே வெட்கப்பட்டு நடுங்கும் அந்த இரவைப் பறித்துக்கொள்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“இப்போதுதான் வீட்டிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே, அக்கா” என்று எதிரணியில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. நிறுத்தலாம். நிறுத்தினால் படம் உறைந்து நிற்கும். கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடி, பாதி மூடிய கண்ணோடு நிற்பான். புத்தகத்தை மூடிவைத்தால் கதை நிற்பதில்லை. மூடிய புத்தகத்துக்குள் அவன் நடந்துகொண்டே இருக்கிறான்.

தம்பி, உங்கள் ஐந்நூறு பேருக்கு வருகிறேன்.

என் பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வார இதழ் வந்ததும் நான்தான் வாய்விட்டுப் படிக்கவேண்டும். முதலில் பாட்டி மட்டும்தான் கேட்டார். பிறகு அம்மா கீரை ஆய்வதைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். எதிர்வீட்டு அத்தையும் அவருடைய இரண்டு பெண்களும் வந்தார்கள். மாமா செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு தூணோரம் உட்காருவார். அரைமணி நேரம் ஆனாலும் பக்கம் மட்டும் மாறாது. ஆக மொத்தம் ஏழு பேர். கொலைகாரன் யார் என்று வாரம் முழுவதும் கிணற்றடியிலும் அடுக்களையிலும் விவாதம் நடக்கும். டாக்டர்தான் என்பார் அம்மா. விதவை அக்காள்தான் என்பார் அத்தை. பாட்டி யாரையும் சொல்ல மாட்டார்.

கடைசி அத்தியாயம் வந்த இதழை நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பாட்டி அதைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு வேண்டாம் என்றார். நான் அழுதேன். ஏன் பாட்டி என்று கேட்டேன். “படித்துவிட்டால் ஒருவன்தான் கொலைகாரன். படிக்காத வரைக்கும் ஆறு பேர்” என்றார். அன்று இரவு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் அவர் தரவில்லை. எதிர்வீட்டு அத்தை மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவில் ஆறு கொலைகாரர்கள் நடமாடினார்கள்.

மூன்றாம் நாள் மாலை விளக்கேற்றியபிறகு, பாட்டியே இதழை எடுத்து என் மடியில் வைத்து, “படி” என்றார். மாமா செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. படித்துக்கொண்டே வந்தேன். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். “கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்” என்றார். பக்கம் அங்கே முடிந்தது. ஏழு பேரில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. திருப்பவேண்டிய விரல் என்னுடையது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.