எழுதாக் கடனும் பழைய லைக்கன்களும்
(உதகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, கோத்தகிரியிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்த ஊர்ப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தாவரவியல் துறைத் தலைவர் ஐயாவுக்குத் தனி நன்றி.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்; மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். நூறு, இருநூறு வருடங்களுக்கு முன் சேகரித்த லைக்கன்கள் எந்த ஊரில் எடுத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று வழிகளைச் சொல்கிறேன்: லைக்கன் ஒட்டியிருக்கும் பொருள், சேகரித்தவரின் பயணம், மாதிரியோடு இருக்கும் சீட்டின் கையெழுத்து. எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு: 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் ஃபே என்றொரு மருந்தாளர் இருந்தார். காய்ச்சலுக்கான சின்கோனாப் பட்டை அப்போது தென் அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். 1820-இல்தான் பாரிசில் அதிலிருந்து குயினைன் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பட்டைமேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்! வெளிறிய தோல், அதன்மேல் குழந்தை கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள். எல்லாம் லைக்கன். 1824-இல் புத்தகமே போட்டுவிட்டார். சரி, அவை வளர்ந்த ஊர்? 'சின்கோனாப் பட்டைமேல்' என்றால் அது விலாசமா? வியாபாரிகள் பட்டைக்கு வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். லோஹா பட்டை என்றால் இன்றைய எக்குவடோரின் லோஹா பக்கம். அதற்கு மேல் மலையும் தெரியாது, ஆறும் தெரியாது. 1860-களில் சின்கோனா நம் தொட்டபெட்டாவுக்கே வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய, தேதியில்லாத பட்டை என்றால் நீலகிரியையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

அப்புறம் சேகரித்தவரின் பயணம். இலங்கையில் பேராதனைத் தோட்டத்தை நடத்திய த்வைட்ஸ் தாவரங்களுக்கு 'சி.பி.' (சிலோன் பிளாண்ட்ஸ், அதாவது இலங்கைத் தாவரங்கள்) எண்கள் கொடுத்தார். அவை இனத்துக்கான எண்கள். வெவ்வேறு மலைகளில் எடுத்தவையும் ஒரே எண்ணுக்குள் கிடக்கும். எண்ணை வைத்து இடம் சொன்னால் தவறிவிடும். அவர் எங்கே போனார் என்று அறியக் கடிதங்களையும், மற்றத் தாவரக் காப்பகங்களில் உள்ள அதே மாதிரியின் இணைப் பிரதிகளையும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, சீட்டு. புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே என்ற பிரெஞ்சுக்காரர் நம் மலையில் சேகரித்த பூவாத் தாவரங்களைப் பற்றி 1842-இல் மோந்தாஞ் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எழுதினார். தலைப்பிலேயே நீலகிரி இருக்கிறது. ஆனால் நீலகிரி என்பது ஒரு மேடா, ஒரு சோலையா? பழைய சீட்டுகளில் கேத்தி, குன்னூர் என்ற பெயர்களையே வேறு மாதிரி எழுதியிருக்கும். சிஸ்பாரா வழியாகக் கோழிக்கோட்டுக்கு இறங்கிய பாதையை இன்று எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்?

இதற்காகத்தான் ஊர் ஊராக அலைகிறேன். ஒவ்வொரு ஹட்டியிலும் (படுகர் ஊர்) மந்திலும் (தோடர் குடியிருப்பு) மேட்டுக்கும் ஓடைக்கும் சோலைக்கும் பெரியவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டு, வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். அந்தப் பெயர்கள் போய்விட்டால் ஐரோப்பியப் பெட்டிகளில் கிடக்கும் நம் லைக்கன்களுக்கு ஊரே இல்லை. எழுதாக் கடன் ஐயா, எழுதாக் கடன்!

முதல்வர் அம்மா மாணவர்களை அனுப்பச் சம்மதிக்க வேண்டும். வனத்துறை உள்ளே நடக்க அனுமதி தர வேண்டும். அவலாஞ்சியிலிருந்து தொடங்குவோம். பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்கு வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன்.