பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் யார் பேசுவது?

வணக்கம். குழு விளையாட்டுகளில் பயிற்சியாளர், மேனேஜர், ஆட்டக்காரர்கள் இவர்களுக்குள்ளே இருக்கிற உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைத் தொட்டாலே பேச்சு நேராக நட்சத்திரங்களிடம் போய் நின்றுவிடும், கோச்சுக்கும் கேப்டனுக்கும் லடாய், யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று. சுவாரஸ்யம்தான், நானும் படிப்பேன். ஆனால் ஓர் அணிக்குள் உறவு எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் நான் ஆடுகிறவர்களைப் பார்க்க மாட்டேன், ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் பார்ப்பேன். ஆடுகிறவருக்கு எந்த கோச்சும் நல்ல கோச்தான்.

கணக்கைப் பாருங்கள். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒரு அணிக்கு 26 பேர் வரை அனுமதி. களத்தில் 11 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேரையும் இறக்கினாலும் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு 15 பேர் போனால் நாலு பேர் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும். இவர்கள் யாரும் சாதாரண ஆட்கள் இல்லை, அவரவர் வட்டாரத்தில் சின்ன வயதிலிருந்து முதல் பெயராக எழுதப்பட்டவர்கள். ஆக ஒரு கோச்சின் வேலையில் தவிர்க்கவே முடியாத பகுதி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சில பேரை ஏமாற்றமடைய வைப்பது. அதை அவர் எப்படிச் செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெரும்பாலும் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். கால்பந்தில் மறுநாள் மேட்ச் என்றால் முந்தின நாள் பயிற்சியில் இரண்டு நிறத்தில் மேல்சட்டை கொடுப்பார்கள், பிப் என்பார்கள். உதவிப் பயிற்சியாளர் கை நிறைய அள்ளிக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டுக்கொண்டே வருவார். நேற்று வரை ஒரு நிறம் வாங்கியவனுக்கு இன்றைக்கு வேறு நிறம் வந்து விழும். அவன் அதை உடனே மாட்டிக்கொள்ள மாட்டான், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பான், பிறகு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவான். சுற்றி இருக்கிற எல்லோருக்கும் புரிந்துவிடும், கோச் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ கூம்புகளைத் தள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது வாட்ஸ்அப் வந்துவிட்டது, பட்டியலைக் குழுவில் போட்டுவிட்டு போனை அணைத்துவிடலாம்.

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்தவர், கால்பந்தில் மேனேஜர் என்றால் அணியைத் தேர்ந்தெடுக்கிற பெரிய கோச். மென்மையான மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, 2003-ல் டிரஸ்ஸிங் ரூமில் கோபத்தில் அவர் உதைத்த ஷூ பறந்துபோய் டேவிட் பெக்காமின் கண்ணுக்கு மேலே பட்டது உலகத்துக்கே தெரியும். அதே ஆள் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: ஒருவரை அணியிலிருந்து விடுவதென்றால் அதைத் தனியாகக் கூப்பிட்டு, தானே சொல்வாராம், உதவியாளரிடம் ஒப்படைக்க மாட்டாராம். அதோடு, நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், ஆனால் இன்றைக்கு இதுதான் சரியான அணி என்று படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்வாராம். இந்த 'தப்பாகவும் இருக்கலாம்' என்பதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கேட்கிறவனுக்கு அடுத்த வாரம் பயிற்சிக்கு வர ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சரி, எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டுமா? இங்கேதான் சிக்கல். 2014 உலகக் கோப்பைக் காலிறுதி, நெதர்லாந்தும் கோஸ்டா ரிக்காவும் கோல் இல்லாமல் 120 நிமிடத்தை முடிக்கப் போகின்றன. கடைசி நொடியில் நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் ஹால், அதுவரை கோல் காத்த சிலெஸ்ஸனை வெளியே கூப்பிட்டு, சமனான ஆட்டத்தைத் தீர்க்க அடிக்கிற பெனால்டிக்கென்று டிம் க்ரூல் என்ற மாற்று கோல்கீப்பரை உள்ளே அனுப்பினார். இந்தத் திட்டம் க்ரூலுக்கு ஆட்டத்துக்கு முன்பே தெரியும். சிலெஸ்ஸனுக்குத் தெரியாது, அவர் கவனம் சிதறக் கூடாது என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. வெளியே வந்த சிலெஸ்ஸன் ஒரு பாட்டிலை எட்டி உதைத்தார். க்ரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், நெதர்லாந்து ஜெயித்தது, கோச் மேதையாகிவிட்டார். நாலு நாள் கழித்து அர்ஜென்டினாவுடன் அரையிறுதி, அதுவும் பெனால்டிக்குப் போனது. அப்போது அனுமதி இருந்த மூன்று மாற்றங்களும் தீர்ந்து போயிருந்தன, க்ரூலை இறக்க வழியில்லை. பெனால்டிக்கு நீ சரிப்பட மாட்டாய் என்று நாலு நாளைக்கு முன்னால் உலகத்தின் கண்ணெதிரே சொல்லப்பட்ட அதே சிலெஸ்ஸன்தான் நிற்க வேண்டியிருந்தது. ஒன்றையும் தடுக்க முடியவில்லை. அதனால்தான் தோற்றார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, எதிரணியும் நன்றாகத்தான் அடித்தது. இருந்தாலும் அந்த நாலு நாளில் கோச்சும் அவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு இன்னும் குடைச்சல் உண்டு.

கூடைப்பந்தில் ஒரு சம்பவம், இது தலைகீழ். 1994, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று, சிகாகோ புல்ஸுக்கும் நியூயார்க் நிக்ஸுக்கும் மூன்றாவது ஆட்டம், 102-102, மீதி 1.8 நொடி. மைக்கேல் ஜோர்டன் விலகிப் போயிருந்த காலம், ஸ்காட்டி பிப்பன்தான் அணியின் பெரிய கை. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் கடைசி ஷாட்டை டோனி குகோச்சுக்குக் கொடுத்தார். பிப்பன் களத்துக்குள் போக மறுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குகோச் அடித்தார், புல்ஸ் ஜெயித்தது. ஆனால் அன்றைக்கு டிரஸ்ஸிங் ரூமில் கொண்டாட்டம் இல்லை. அங்கே பேசியது கோச் இல்லை, பில் கார்ட்ரைட் என்ற மூத்த ஆட்டக்காரர், கண்ணில் தண்ணீரோடு பேசினார். பிப்பன் அணியிடம் மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஆட்டத்தில் ஆடினார். அதே பிப்பனும் அதே ஜாக்சனும் சேர்ந்து 1996, 97, 98 மூன்று வருடமும் கோப்பை வாங்கினார்கள். ஜாக்சன் அன்று எழுந்து கத்தியிருந்தால், அது இரண்டு பேருக்கு நடுவிலான சண்டையாக ஆகியிருக்கும். ஒதுங்கி நிற்கவும் ஒரு துணிச்சல் வேண்டும், அதைவிட முக்கியம், நம்பி விட்டுவிட ஒரு கார்ட்ரைட் இருக்க வேண்டும்.

கிரிக்கெட் கொஞ்சம் வேறு மாதிரி. களத்தில் முடிவெடுப்பது கேப்டன், கோச் பெவிலியனில். மேனேஜர் என்று ஒருவர் இருப்பார், அவர் கால்பந்து மேனேஜர் போல அணியைத் தேர்ந்தெடுக்கிற ஆள் இல்லை, பயணம், ஹோட்டல், ஒழுங்கு விவகாரம் பார்ப்பவர். அதனால் கோச்சுக்கும் கேப்டனுக்கும் நடுவில் யார் கை மேலே என்பது எழுதப்படாமலே இருக்கும். 2005-ல் இந்திய அணியின் பயிற்சியாளர் கிரெக் சாப்பல், கேப்டன் பதவியை விட்டுவிடும்படி கங்குலியிடம் நேரிலேயே பேசினார். அது நாலு சுவருக்குள் நிற்கவில்லை. கங்குலி பத்திரிகையாளர்களிடம் சொன்னார், சாப்பல் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் கசிந்தது, அப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை. 2017-ல் அனில் கும்ப்ளே பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கை எனக்கு அதைவிட வருத்தமானது. தன் பாணி கேப்டனுக்கு ஒத்துவரவில்லை என்பதே வாரியம் முந்தின நாள் சொல்லித்தான் தனக்கு முதன்முதலாகத் தெரியும் என்று எழுதியிருந்தார். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பையன் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் இதுவும் ஒன்றுதான், இங்கே கோச் அந்தப் பையனின் இடத்தில் இருக்கிறார்.

உறவு நன்றாக இருந்தால் ஜெயிப்போம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஸ்பெயின் மகளிர் கால்பந்து அணியில் 2022 செப்டம்பரில் 15 ஆட்டக்காரர்கள், அணிக்குள் இருக்கிற நிலைமை தங்கள் மனதையும் உடம்பையும் பாதிக்கிறது, தங்களைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கூட்டமைப்புக்கு எழுதினார்கள். கூட்டமைப்பு பயிற்சியாளர் ஹோர்ஹே வில்டா பக்கம் நின்றது. அந்தப் 15 பேரில் மூன்று பேர்தான் அடுத்த வருடம் உலகக் கோப்பை அணியில் இருந்தார்கள். ஸ்பெயின் கோப்பையை வென்றது, சில வாரத்துக்குள் வில்டாவும் நீக்கப்பட்டார். கோப்பை வந்ததால் அவர்கள் எழுதியது பொய்யாகிவிடாது. தோற்ற அணியில்தான் பிரச்சினை இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று. உங்களை விட்டுவிட்டார்கள் என்றால் 'ஏன் சார் என்னை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எந்த கோச்சும் உண்மையான பதில் தரமாட்டார், இந்த முறை காம்பினேஷன் என்பார், காம்பினேஷன் என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. 'நான் எதைச் சரிசெய்தால் என்னை யோசிப்பீர்கள்' என்று கேளுங்கள். இதற்கு அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இடது கால் பலவீனம், ஃபீல்டிங்கில் மெதுவாக எழுகிறாய், பந்து இல்லாதபோது நின்றுவிடுகிறாய், ஏதோ ஒன்று. அதையும் உதவிப் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டாம், அவர் இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க வேண்டியவர்.

சிறுவர் அணிகளில் இந்த உரையாடல் பிள்ளையோடு நடப்பதில்லை, பெற்றோரோடு நடக்கிறது, அதுவும் ஆட்டம் முடிந்து வண்டியை எடுப்பதற்குள். இதற்காகவே பல இடங்களில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆடக் கிடைத்தது என்பதைப் பற்றி ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்கு கோச்சிடம் பேசக் கூடாது. நல்ல விதி, சூடு தணியும். ஆனால் அந்த 24 மணி நேரம் பெற்றோருக்குத்தான், கோச்சுக்கு இல்லை. அவர் அன்றைக்கே, பைகளைக் கட்டும் முன்னால், ஆடாத பிள்ளையிடம் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டாரென்றால் மறுநாள் வருகிற போன்களில் பாதி வராது. மீதிப் பாதி எப்படியும் வரும், அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.