எம்டனின் கேப்டன்

அனைவருக்கும் வணக்கம்.

எம்டன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். கறாரான மாமனார், கண்டிப்பான ஹெட்மாஸ்டர் என்று பலருக்கும் நாம் அந்தப் பட்டத்தைச் சூட்டியிருக்கிறோம். ஆனால் மெட்ராஸ் மீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் போர்க்கப்பலில் வந்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் செண்பகராமன் பிள்ளை என்றுதான் பதில் வரும். அவர் பெரிய தேசபக்தர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனில் வந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் என்ற ஜெர்மானியர். இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1873 ஜூன் 16 அன்று ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா பிரஷ்ய ராணுவ அதிகாரி. மகனும் ராணுவப் பள்ளியில்தான் சேர்ந்தார், 1891-இல் கடற்படைக்கு மாறிக்கொண்டார். ஜெர்மனியின் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது மலேரியா பிடித்துக்கொண்டது. அது கடைசிவரை அவரை விடவில்லை. அப்புறம் பெர்லினில், கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸின் அலுவலகத்தில் சில வருடம் வேலை. அங்கே எடுத்த நல்ல பெயருக்குப் பரிசாக, 1913-இல் எம்டன் அவர் கைக்கு வந்தது. நாற்பது வயது, அதிகம் பேசாத மனிதர். அதுவரை அவரைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

கப்பலும் அப்படியொன்றும் பிரமாதமானது இல்லை. பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர். வேகம் சுமார் 23 நாட், அதாவது மணிக்கு 23 கடல் மைல். அன்றைய கணக்கில் சிறிய குரூசர் ரகப் போர்க்கப்பல். முதல் உலகப் போர் மூண்டபோது சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து அது ஏற்கெனவே கிளம்பியிருந்தது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி பசிபிக்கில் உள்ள பாகன் தீவில் ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயின் படையோடு சேர்ந்தது. அங்கே நடந்த ஆலோசனையில்தான் முல்லர் யார் என்பது தெரிகிறது. மொத்தப் படையும் தென் அமெரிக்காவுக்குப் போகலாம் என்பது ஷ்பேயின் எண்ணம். அவ்வளவு நாள் நடுக்கடலில் சுற்றினால் எதிரிக்கு ஒரு சேதமும் இருக்காது, ஒரு சின்னக் கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புங்கள் என்றார் முல்லர். ஷ்பே ஒப்புக்கொண்டார், அவரையே அனுப்பினார். அந்த ஆலோசனை எம்டனை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. ஷ்பேயின் கப்பல்களில் பெரும்பாலானவை டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே அழிந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடலில் எம்டனுக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. கரி தீர்ந்தால் கதை முடிந்தது. கூடவே மார்கொமானியா என்ற கரிக்கப்பல் வந்தது, அது எத்தனை நாளைக்கு? ஆகவே எதிரியின் கரியை எடுத்துத்தான் எதிரியைத் தாக்க வேண்டும். செப்டம்பரில் போன்டோபோரஸ் என்ற கிரேக்கக் கப்பல் சிக்கியது, அதில் இந்தியக் கரி இருந்தது. எரித்தால் புகை மண்டும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். பிறகு ப்யூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல் நல்ல வேல்ஸ் கரியோடு வந்து மாட்டியது. அன்று எம்டனில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்திருக்கும். இண்டஸ் என்ற கப்பலில் பெட்டி பெட்டியாக சோப்புகூடக் கிடைத்தது. அது அவர்களிடம் தீர்ந்துபோயிருந்த சமயம்.

மாறுவேடமும் உண்டு. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். துணியால் நான்காவது ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் யார்மத் மாதிரியே இருக்கும். சுடும்போது மட்டும் ஜெர்மன் கொடியை ஏற்றிவிடுவார். அன்றைய போர்ச் சட்டம் அதை அனுமதித்தது.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். மாலுமிகளை இறக்கிய பிறகுதான் மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை எல்லாம் அதில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார். கிளம்பும்போது அவர்கள் எம்டனைப் பார்த்து ஜே போட்டார்களாம். கப்பல் போனவன் போடும் ஜே!

சரி, மெட்ராஸுக்கு வருவோம். செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில். நகரத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, போர் எங்கேயோ ஐரோப்பாவில் நடப்பதாக நினைப்பு. எம்டன் சர்ச்லைட் அடித்து, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒன்றிரண்டு குண்டுகள் உயர் நீதிமன்ற வளாகம் வரை வந்து விழுந்தன. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டது எதுவும் படவில்லை. மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். இந்தியர்கள் முன்னால் பிரிட்டிஷாரின் மானத்தை வாங்குவதே முல்லரின் நோக்கம், அதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நோக்கம் நிறைவேறியது. ஆனால் ஐந்து பேராவது அன்று இறந்தார்கள். நடுக்கடலில் ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலைச் சுட்டவரால் துறைமுகத்தில் அதைச் செய்ய முடியவில்லை. அவரைக் கனவான் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். நமக்கு அது நம் ஊர், அப்படித் தாண்ட முடியாது.

அக்டோபரில் டியகோ கார்சியா தீவு. அங்கே இருந்தவர்களுக்குப் போர் மூண்ட செய்தியே வந்து சேரவில்லை. முல்லரும் சொல்லவில்லை. தீவு மேலாளரின் மோட்டார் படகைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை மூழ்கடித்தார். அதன் கேப்டன் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார்! 80-க்கும் அதிகமான ரஷ்யர்கள் மாண்டார்கள். வெளியே வரும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தார். நின்று, தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டுத்தான் போனார்.

நவம்பர் 9, கோகோஸ் தீவு. தந்தி நிலையத்தை உடைக்கத் துணைத் தளபதி மியூக்கேயோடு 50 பேரைக் கரைக்கு அனுப்பினார். உடைப்பதற்குள் நிலையத்து ஊழியர்கள் செய்தி அனுப்பிவிட்டார்கள். சுமார் 50 கடல் மைல் தொலைவில் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி திரும்பி வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, வேகமும் அதிகம். முதலில் குறிதவறாமல் சுட்டது எம்டன்தான். சிட்னி தள்ளி நின்றுகொண்டதும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கப்பல் மூழ்காமலிருக்க வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் கொண்டுபோய் ஏற்றினார் முல்லர். அதன் பிறகும் கொடி இறங்கவில்லை. மாலையில் சிட்னி திரும்பி வந்து சரணடையச் சொல்லி சைகை காட்டியது, பதில் இல்லை, மறுபடி சுட்டது. மொத்தம் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கடைசிக் குண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற வாதம் இன்றும் உண்டு. கொடியைக் காலையிலேயே இறக்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

கரையில் இருந்த 50 பேர் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், பெரும்பாலானோர் அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

பிடிபட்ட முல்லரின் வாளைப் பிரிட்டிஷார் பறிக்கவில்லை. மால்டாவில் சிறை, 1916-இல் இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். அங்கே சுரங்கம் தோண்டி 20 பேருக்கு மேல் தப்பினார்கள், தலைமை இவர்தான். பிடிபட்டுவிட்டார்கள். மலேரியா முற்றியதால் 1918-இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, போர் முடியும் தறுவாயில் ஊர் திரும்பினார். ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருதும் கிடைத்தது. உடம்பு ஒத்துழைக்காததால் அடுத்த வருடமே ஓய்வு.

மியூக்கே போர் நடக்கும்போதே இரண்டு புத்தகம் எழுதிப் பிரபலமாகியிருந்தார். முல்லரையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். கூட இருந்தவர்கள் சிந்திய ரத்தத்தில் காசு பண்ணுவது போலிருக்கிறது என்று மறுத்துவிட்டார். ஹார்ஸ் மலையடிவாரத்தில் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் குடியிருந்தார், பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 மார்ச் 11 அன்று திடீரென்று இறந்தபோது அவருக்கு ஐம்பதுகூட நிரம்பவில்லை.