நண்பனே இல்லாத ஒருத்தனுக்காக உயிரை விட்ட கேப்டன் | லா கிராண்ட் இல்யூஷன் (1937)

[திரையில்: கறுப்பு வெள்ளையில், மலை உச்சியில் ஒரு கோட்டை]

வணக்கம். போர்ப் படம்னாலே குண்டு வெடிக்கணும், டாங்கி ஓடணும்னு எதிர்பார்ப்போம். ழான் ரெனுவார் 1937-ல எடுத்த இந்த பிரெஞ்சுப் படத்துல போர்க்களமே கிடையாது. முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்ககிட்ட பிடிபட்ட பிரெஞ்சு அதிகாரிங்க, அவங்க தப்பிக்கப் போடுற திட்டம், அவ்வளவுதான் கதை. முடிவு வரைக்கும் பேசப் போறேன். படத்தைப் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

கேப்டன் பொல்தியூ பரம்பரைப் பிரபு. ஒற்றைக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை. லெப்டினன்ட் மரெஷால் சாதாரண மெக்கானிக். ரெனுவாரே அந்தப் போர்ல விமானியா இருந்தவர். மரெஷாலா நடிச்ச ழான் கபேன் போட்டிருக்கிறது ரெனுவாரோட சொந்தச் சீருடைதான். மூணாவது ஆள் ரோசன்தால், பணக்கார யூதக் குடும்பம். வீட்ல இருந்து வர்ற பார்சல் சாப்பாட்டை அறையில எல்லாருக்கும் பங்கு வைக்கிறவர்.

எதிர்ப்பக்கம் ஜெர்மன் அதிகாரி ரௌஃபென்ஸ்டைன். பொல்தியூவும் மரெஷாலும் வந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்திட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஆளு! பின்னால முதுகெலும்பு நொறுங்கி, கழுத்துல பட்டையோட, இவங்க மூணு பேரையும் அடைச்சு வச்சிருக்கிற மலைக் கோட்டைக்குக் காவல் அதிகாரியா வர்றார். அவரும் பிரபு வம்சம். பொல்தியூவைப் பார்த்தா அவருக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. செஞ்சோற்றுக்கடன் கணக்குல பார்த்தா, பொல்தியூ கடன்பட்டது இவருக்குத்தான்.

[திரையில்: அறைச் சோதனை]

இந்த இடத்தைக் கவனிங்க. சோதனை நடக்குது. பொல்தியூகிட்ட மட்டும், "விதிக்கு மாறா இந்த அறைக்குள்ள எதுவும் இல்லைன்னு வாக்குக் கொடுங்க, போதும்"ங்கிறார் ரௌஃபென்ஸ்டைன். பொல்தியூ யோசிக்காம கொடுக்கிறார். தப்பிக்க வச்சிருக்கிற கயிறு ஜன்னலுக்கு வெளியே தண்ணிக் குழாய்ல தொங்குது. அறைக்குள்ள இல்லையே! நல்ல வக்கீலா வந்திருப்பார். ஏன் என் வாக்கை மட்டும் கேட்டீங்க, மத்தவங்க வாக்கும் நம்ம வாக்கு மாதிரிதானேன்னு அவர் பின்னால கேட்கிறப்போ, ரௌஃபென்ஸ்டைன் முகத்தைப் பாருங்க.

திட்டப்படி மரெஷாலும் ரோசன்தாலும் தப்பிக்கணும், காவலர்களைத் திசை திருப்பப் போறது பொல்தியூ. மரெஷால் நன்றி சொல்ல வார்த்தை தேடுறார். பொல்தியூ சோப்புப் போட்டுக் கையுறையைத் துவைச்சுக்கிட்டிருக்கார். 'உங்களுக்காகன்னு தனியா எதுவும் செய்யலை'ங்கிறார். 18 மாசமா ஒரே அறையில இருந்தும் 'நீங்க'ன்னே பேசுறீங்களேன்னு மரெஷால் ஆதங்கப்பட்டா, என் அம்மாகிட்டயும் மனைவிகிட்டயும் அப்படித்தான்னு பதில் வருது. இவங்க ரெண்டு பேரும் நண்பர்கள் இல்லை. கடைசி வரைக்கும் ஆகவும் இல்லை. அதனாலதான் இந்தத் தியாகம் என்னை இவ்வளவு உறுத்துது.

ராத்திரி ஆஜர் எடுக்கிறப்போ பொல்தியூவைக் காணோம். உச்சியில புல்லாங்குழல் கேட்குது, குழந்தைங்க பாடுற ஒரு கப்பல் பாட்டு. தேடுவிளக்கு அவரைத் துரத்துது. ரௌஃபென்ஸ்டைன் இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சுறார். பொல்தியூ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், தப்பிக்கிற ரெண்டு பேருக்கும் இன்னும் நேரம் வேணும். காலுக்குக் குறி வச்சு ரௌஃபென்ஸ்டைன் சுட்ட குண்டு வயித்துல பாயுது.

மரணப் படுக்கையில ஆறுதல் சொல்றது சுடப்பட்டவர்தான். உங்க இடத்துல நானும் அதையேதான் செஞ்சிருப்பேன், கடமைன்னா கடமைதான். சாமானியனுக்குப் போர்ல சாகிறது கொடுமை, நமக்கு அது ஒரு நல்ல தீர்வுங்கிறார். தங்களோட காலம் முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்ச மனுஷன். அதனால இதை வெறும் வீர மரணம்னு கும்பிட்டுட்டுப் போக என்னால முடியலை.

[திரையில்: பனி மூடிய மலைப்பாதை]

பலரும் பொல்தியூ சுடப்படுற காட்சியோட பேச்சை நிறுத்திடுவாங்க. எனக்குப் பிடிச்சது அடுத்து வர்றது. தப்பிச்சு எல்லைக்கு நடக்கிற வழியில ரோசன்தாலுக்குக் கால் சுளுக்கு. நடக்க முடியலை, சாப்பாடும் இல்லை. எரிச்சல் தாங்காம மரெஷால் அவரோட யூதப் பிறப்பையே இழுத்து ஏசிட்டு, விட்டுட்டு நடக்கிறார். ரோசன்தால் பாறையில உட்கார்ந்து வீம்புக்கு அதே கப்பல் பாட்டை உரக்கப் பாடுறார். போய்க்கிட்டிருக்கிற மரெஷால் வாயிலயும் அதே பாட்டு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து கை கொடுக்கிறார்.

கேப்டனுக்கு அஞ்சு நிமிஷம் தாக்குப் பிடிச்சாப் போதும். பசியில, கோபத்துல, நொண்டுற ஒருத்தரை எல்லை வரைக்கும் தாங்கிக்கிட்டுப் போறதுதான் எனக்கு ரெண்டுல கஷ்டமானதாத் தெரியுது. உங்களுக்கு எந்தக் காட்சின்னு கீழே எழுதுங்க.